தடம் திறந்த நாள் எது?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார இரயில் மீஞ்சூரைக் கடந்ததும் நிற்கின்ற சிறு நிலையம் அனுப்பம்பட்டு. அடுத்தது பொன்னேரி. கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் விரையும் வண்டிகள் அனுப்பம்பட்டில் நிற்பதில்லை. அவற்றில் அமர்ந்திருப்போர் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னே போய்விடும். கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதன் கரையில் மீனவச் சிற்றூர்களும் உள்ளன. அவ்வூர்களின் மீனும் இறாலும் நண்டும் நகரத்துக்குச் செல்லும் வழிகளுள் இத்தடமும் ஒன்று.

ஏரிக்கரை வழக்குச் சொற்களைத் தொகுப்பதற்காக நம் துறை மாணவர்களுடன் அப்பகுதிக்குச் சென்றிருந்தோம். மீனின் பெயர், வலையின் பெயர், காற்றின் பெயர் என ஏடு நிறையக் குறித்துக்கொண்டு மாலையில் அனுப்பம்பட்டு நிலையத்துக்கு வந்தோம். நகரில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், வெறுமையான அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நடைமேடையில் அமர்ந்திருந்தார். மாணவர் ஒருவர் அவரை அணுகி, “ஆயா, இந்த இரயில் பாதையை எப்போது திறந்தார்கள்?” என்று வினவினார்.

“கரிவண்டி போயி கரண்டு வண்டி வந்துச்சே கண்ணு, அப்பத்தான். அதுக்கு முன்னாடியும் வண்டி போவும். நாங்க பாத்துக்கினு நிப்போம்” என்றார் அவர்.

மாணவர் எம்மை நோக்கினார். புறப்படும் முன் வகுப்பில் நாம் கூறியிருந்த ஆண்டு 1899. மூதாட்டி கூறியதோ மின்வண்டி வந்த 1979ஆம் ஆண்டு. இரண்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள். மாணவர் ஏட்டில் எதனைக் குறிப்பது? வண்டி வரும்வரை இதனையே பேசிக்கொண்டிருந்தோம். நம் முடிவை இங்கு எழுதுகின்றோம். தடம் போட்டவர்க்குத் திறந்த நாள் ஒன்று. தடத்தின் ஓரத்தில் வாழ்வோர்க்குத் திறந்த நாள் வேறொன்று. இருப்புப் பாதையின் வரலாற்றில் முன்னதை மட்டுமே எழுதி வந்திருக்கின்றோம். பின்னதையும் எழுதினாலன்றி அவ்வரலாறு நிறைவுறாது.

லிவர்பூலில் ஒரு விழா

இவ்வேறுபாடு அனுப்பம்பட்டுக்கு மட்டும் உரியதன்று. நீராவிப் பொறியால் இரு நகரங்களை இணைத்து, மக்களையும் சரக்கையும் காலந்தவறாது ஏற்றிச்சென்ற முன்னோடித் தடம் இங்கிலாந்தின் லிவர்பூல் – மான்செஸ்டர் தடமாகும். அதன் நீளம் 31 கல். ஏறத்தாழ நம் சென்னை – கும்மிடிப்பூண்டித் தொலைவு. 1830 செப்டம்பர் 15 அன்று அது திறக்கப்பட்டது. தலைமை அமைச்சராக இருந்த வெலிங்டன் கோமகன் அணிசெய்யப்பட்ட பெட்டியில் வந்தார். இடைவழியில் பொறிக்கு நீர் நிரப்ப வண்டி நின்றபோது, லிவர்பூல் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் கீழே இறங்கிக் கோமகனிடம் பேசச் சென்றார். அடுத்த தடத்தில் வந்த ‘ராக்கெட்’ என்னும் பொறி அவரை மோதிற்று. அன்றிரவே அவர் இறந்தார்.

இந்நிகழ்ச்சி எல்லா நூல்களிலும் உண்டு. அதே நாளில் நிகழ்ந்த மற்றொன்றைப் பலர் எடுத்துரைப்பதில்லை. வண்டியில் சென்ற நடிகை பானி கெம்பிள் அதனைப் பதிவு செய்துள்ளார். மான்செஸ்டரை நெருங்கியபோது திரண்டிருந்த மக்கள் வாழ்த்தொலிக்கு மாறாகச் சினக்குரல் எழுப்பினர். கூட்டத்துக்கு மேலே ஒரு தறி நிறுத்தப்பட்டிருந்தது. கந்தலுடுத்த, பசியால் மெலிந்த நெசவாளி ஒருவர் அதில் அமர்ந்திருந்தார். பொறியின் வெற்றி விழாவுக்கு எதிராகத் தறி எழுப்பிய முறையீடு அது.

அந்நெசவாளியின் முறையீடு நம் கரைக்கும் உரியது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சை மான்செஸ்டர் ஆலைகளுக்கு விரைவாகக் கொண்டு சேர்ப்பது அத்தடத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அவ்வாலைத் துணியே சோழமண்டலக் கரைத் தறிகளின் சந்தையைப் பறித்தது. பழவேற்காடு அக்கரையின் பெயர்பெற்ற துறை. ஒல்லாந்தர் 1613இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690 வரை அவர்தம் சோழமண்டல வாணிகத்துக்கு அதுவே தலைமையிடம். மரைக்காயர்களின் மரக்கலங்களும் அத்துறையை அறிந்தவையே. சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டமிட்ட கைக்குட்டைகள் ஐரோப்பியச் சந்தைகளில் அவ்வூரின் பெயராலேயே வழங்கின. அத்தகைய துறையை ஒல்லாந்தர் 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றனர். ஐந்தாண்டுகள் கழித்து லிவர்பூலில் தடம் திறந்தது. பழவேற்காட்டு ஏரிக்கு அருகே தண்டவாளம் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, தொலைவில் திறந்த ஒரு தடம் இக்கரை மக்களின் பிழைப்பைத் தொட்டுவிட்டது.

லிவர்பூல் தடம் மற்றுமோர் உண்மையையும் உணர்த்துகின்றது. அதனை அமைத்தோர் சரக்கையே பெரிதும் எதிர்நோக்கினர். ஆயின் திறந்த அடுத்த ஆண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயணம் செய்தனர். சரக்கு வருவாயைப் பயண வருவாய் விஞ்சிற்று. அமைத்தோர் எண்ணியது ஒன்று. மக்கள் ஆக்கிக்கொண்டது வேறொன்று.

செங்குன்றமும் இராயபுரமும்

நம் நாட்டு இருப்புப் பாதையின் பிறந்தநாளாக 1853 ஏப்ரல் 16 கொண்டாடப்படுகின்றது. அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினர் சென்றனர். 21 குண்டுகள் முழங்கின. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1837இல், சென்னைக்கு வடமேற்கே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம்வரை தண்டவாளத்தில் வண்டி ஓடியது. சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிவர அது பயன்பட்டது. பொறியாளர் ஆர்தர் காட்டன் அதனோடு தொடர்புடையவர். பழவேற்காட்டை விட்டுச் சென்ற ஒல்லாந்தர் தம் நாட்டில் ஆம்ஸ்டர்டாம் – ஹார்லெம் இடையே முதல் தடத்தைத் திறந்தது 1839 செப்டம்பர் 20இல்தான். செங்குன்றத்துத் தடம் அதற்கும் ஈராண்டு முந்தியது.

இருந்தும் அதனை நம் பள்ளி மாணவர் அறியார். காரணம் வெளிப்படை. அதில் ஆளுநர் ஏறவில்லை, விருந்தினர் ஏறவில்லை, குண்டு முழங்கவில்லை. கல் ஏறிற்று, கல்லோடு கூலியாளின் உழைப்பும் ஏறிற்று. விழா நிகழ்ந்த தடத்தையே வரலாறு முதல் தடம் என்று ஏற்றுக்கொண்டது. விழாவைக் கொண்டு நாளைக் கணிக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

தென்னிந்தியாவில் பயணிகளுக்கான முதல் தடம் 1856 ஜூலை முதல் நாள் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கத்து வாலாஜா சாலை வரை அது சென்றது. இந்தியாவில் இன்றும் நிற்கின்ற நிலையக் கட்டடங்களுள் இராயபுரமே மிகப் பழையதாகப் போற்றப்படுகின்றது. இத்தகைய தடங்களில் முதலிட்ட ஆங்கிலக் குழுமங்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய்க்கு அரசு உறுதியளித்திருந்தது. ஊதியம் குறைந்தால் அக்குறையை நிரப்பியது இந்நாட்டு மக்கள் செலுத்திய வரிப்பணம். எனவே வண்டியில் ஒருநாளும் ஏறாத உழவரும் பரதவரும் அதற்குக் கட்டணம் செலுத்தியவர்களே.

இந்திய மக்கள் வறியவர். அவர் இரயிலில் மிகுதியாக ஏறார் என்று ஐயுற்றோர் அக்காலத்து ஆட்சியாளருள் பலர். நடந்ததோ நேர்மாறு. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. பயண வருவாயின் பெரும்பகுதி அவ்வகுப்பிலிருந்தே வந்தது. வசதிகளோ அவ்வகுப்புக்கே கடைசியில் வந்தன. அவ்வகுப்பில் பயணம் செய்து காந்தியடிகள் கண்ட அவலங்களை 1917இல் எழுதினார். லிவர்பூலில் கண்ட உண்மையே இங்கும்: தடத்தை உண்மையில் திறந்தோர், கணக்கில் கொள்ளப்படாத எளிய மக்கள்.

கால்வாயும் கடற்கரைத் தடமும்

இனி அனுப்பம்பட்டுக்கு வருவோம். நெய்தல் நிலத்துப் பொருள் உள்நாட்டுக்குச் செல்லும் வழி தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. உப்பு ஏற்றிய வண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வழியில் அச்சு முரிந்தால் மாற்றுவதற்கு வேறோர் அச்சினை வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் அவர்தம் முன்கருதலை நம் மாணவர் பாடமாகவே பயில்கின்றனர். பிற்காலத்தில் அவ்வண்டிகளின் வேலையை ஏற்றது கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய அக்கால்வாய் பழவேற்காட்டு ஏரிக்கும், பின்னர் அதற்கு வடக்கேயும் நீண்டது. தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தோரைக் கொண்டு மேலும் வெட்டப்பட்டது. 1878இல் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் படகுகளில் சென்றன. படகோட்டியர்க்கும் சுமை தூக்குவோர்க்கும் அது வாழ்வளித்தது.

செங்குன்றத்துத் தடத்தோடு தொடர்புடைய ஆர்தர் காட்டனே பின்னாளில், இந்நாட்டுக்கு வேண்டுவது மலிவான நீர்வழியே எனப் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின்முன் வாதிட்டார். அவர் சொல் எடுபடவில்லை. கிழக்குக் கரையின் வடபகுதியில் அரசு அமைத்துவந்த இருப்புப் பாதையோடு சென்னை 1899இல் இணைந்தது. சென்னைக்கும் விசயவாடாவுக்கும் இடையே வண்டி ஓடிற்று. அத்தடம் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி வழியே சென்றது. பழவேற்காடு அதன் கிழக்கே விடுபட்டது. ஒரு காலத்தில் கடல்கடந்த நாடுகள் தேடிவந்த துறைமுகம், பொன்னேரிக்குச் சென்று வண்டியேறும் ஊராயிற்று. கால்வாயும் மெல்ல மெல்லத் தன் சரக்கை இழந்தது. புயல்களும் பேணாமையும் எஞ்சியதைத் தூர்த்தன.

ஒரு வழி திறக்கும்போது மற்றொரு வழி அடைபடுவது இயல்பு எனலாம். அதனை மறுக்கவில்லை. படகில் பல நாள் சென்ற தொலைவை வண்டி ஒரே நாளில் கடந்தது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவர இருப்புப் பாதை வேண்டும் என்று 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் கூறியதிலும் நியாயம் உண்டு. நாம் சொல்ல வருவது ஒன்றே. புதிய வழி திறந்த நாளை எழுதுவோர், பழைய வழியை இழந்தோர்க்குப் புதிய வழியில் எப்போது இடம் கிடைத்தது என்பதையும் எழுதுதல் வேண்டும்.

கூடை ஏறிய நாள்

ஏரிக்கரை மக்களைப் பொறுத்தவரை அந்நாள் மிகப் பிந்தியே வந்தது. தடத்தில் வண்டிகள் ஓடின. அவை பெரும்பாலும் நெடுந்தொலைவு செல்வன. மீனோ நேரத்தைப் பொறுக்காத பொருள். விடியலில் ஏரியிலிருந்து கரையேறிய இறால் வெயிலேறுவதற்குள் விலைபோதல் வேண்டும். ஆகவே நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ நிற்கும் வண்டியால் மீன் விற்பவர்க்குப் பயன் சிறிதே. அடிக்கடி வந்து, எல்லாச் சிறு நிலையங்களிலும் நின்று, கூடையோடு ஏறவிட்டு, விற்றபின் அன்றே வீடு சேர்க்கும் வண்டியே அவர்க்கு வண்டி. 1979இல் சென்னை – கும்மிடிப்பூண்டித் தடம் மின்மயமானது. அதன் பின்னரே அத்தகைய போக்குவரத்து வளர்ந்தது. அதே 1979இல் ஏரியின் மறுகரையிலுள்ள சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எஸ்எல்வி-3 ஏவுகலம் முதன்முறை செலுத்தப்பட்டது. அதனை நாடே அறியும். அனுப்பம்பட்டில் கூடை வண்டியேறிய செய்தியோ மூதாட்டியின் நினைவில் மட்டும் உள்ளது.

புறநகர் மின்வண்டிகளில் விற்பனையாளர்க்கெனத் தனிப் பெட்டி உண்டு. மக்கள் அதனை ‘வெண்டர்’ என்பர். மீன்கூடையும் பூமூட்டையும் கீரைக்கட்டும் அதில் நெருங்கிக் கிடக்கும். படித்தோர் அதன் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பெட்டிக்குச் செல்வர். நாமும் அவ்வாறு சென்றதுண்டு. இன்று எண்ணிப் பார்க்கையில், அனுப்பம்பட்டுத் தடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டை எங்கேனும் பொறிக்க வேண்டுமாயின் அப்பெட்டியின் கதவில்தான் பொறிக்க வேண்டும் என்று தோன்றுகின்றது. அக்கூடைகளின் வருவாயில் பயின்ற பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தோர் அவருள் பலர். அவ்வண்டி தாய்க்குச் சந்தையைத் திறந்தது. பிள்ளைக்குக் கல்லூரியைத் திறந்தது.

“தடம் போடாமல் வண்டி எங்ஙனம் ஓடும்? 1899 இன்றி 1979 உண்டோ?” என்று வினவலாம். தக்க வினாவே. பொறியாளரின் திறத்தையும், வெயிலில் மண் சுமந்து கரை எழுப்பிய பெயர் தெரியாத கூலியாட்களின் உழைப்பையும் யாரும் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் கிணறு வெட்டிய நாளைக் கொண்டாடுவோர், ஊரார் அனைவரும் அதில் நீர் மொண்ட நாள் எது என்றும் கேட்டல் வேண்டும் அன்றோ? வெட்டியும் மொள்ள விடாத கிணறுகளை நம் நாடு மிகுதியாகக் கண்டிருக்கின்றது.

பாடு முறை கற்பிக்கும் பாடம்

இது பழங்கதை பேசுவதற்காக எழுதியதன்று. இன்று அத்தடத்தில் நெடுந்தொலைவு விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் புறநகர் வண்டிகளும் ஓடுகின்றன. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கு அத்திப்பட்டுப் பக்கமிருந்து தடம் பிரிகின்றது. ஒரே வழியைப் பலர் பங்கிடும்போது காத்திருக்க நேர்வது பெரும்பாலும் எளியவர் வண்டியே. கூடுதல் தடங்கள் வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளையது. அவை வரட்டும், வரவேற்போம். ஆயின் அவை யாருக்குத் திறக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்போம்.

இதற்கு வழிகாட்ட வெளியூர் அறிஞரைத் தேட வேண்டா. பழவேற்காட்டு ஏரியில் மீனவர் வழங்கும் ‘பாடு’ முறை உண்டு. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலிமையுடையோன் நாள்தோறும் அவ்விடத்தையே பிடித்துக்கொண்டால் ஏனையோர் பட்டினி கிடப்பர். ஆதலின் இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் எனச் சீட்டுக் குலுக்கி முறை வகுத்துள்ளனர். நல்ல இடம் அனைவர்க்கும் முறைவைத்து வரும். அம்முறையிலும் சேர்க்கப்படாதோர் உண்டு என்னும் குறையை மறைப்பதற்கில்லை. எனினும் அதன் அடிப்படை தெளிவானது: பொதுவழி பொதுவாக இருக்க வேண்டுமாயின் எளியவனுக்கும் முறை வருதல் வேண்டும்.

இருப்புப் பாதைக்கும் இது பொருந்தும். விடியலுக்கு முன் மீனோடு ஏறுவதற்கு உரிய நேரத்தில் வண்டி உண்டா? அது சிறு நிலையத்தில் கூடையை ஏற்றி இறக்கும் அளவுக்கு நிற்கின்றதா? தலைச்சுமையோடு மறுபுறம் கடப்பதற்குப் பாதுகாப்பான வழி உண்டா? புதிய வகைப் பெட்டிகள் வரும்போது ‘வெண்டர்’ பெட்டி நிலைக்குமா, மறையுமா? ஒவ்வொரு புதுத் தடம் திறக்கும்போதும் இவ்வினாக்களுக்கு விடை கேட்பதே நம் கடன். விடை கிடைக்கும் நாளையே அத்தடம் திறந்த நாள் என்போம்.

நம் துறைக்கு ஒரு பணி

தமிழ்த் துறையினர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்போர்க்கு விடை கூறி முடிக்கின்றோம். இரயில் வந்த காலத்தில் அதனைக் கண்டு வியந்தும் அஞ்சியும் சிந்தும் கும்மியும் பாடி, மலிவு விலையில் அச்சிட்டுத் தெருவில் விற்றோர் தமிழ்ப் பாவலர்கள். ‘புகைவண்டி’ என்னும் சொல்லும் அவ்வியப்பின் எச்சமே. புகை மறைந்து மின்சாரம் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை. நாம் மறந்தவற்றையும் சொல் நினைவில் வைத்திருக்கின்றது. மூதாட்டியின் ‘கரிவண்டி’யும் ‘கரண்டு வண்டி’யும் அத்தகைய சொற்களே. அவை எந்த அகராதியின் பக்கத்திலும் ஓராண்டுக் கணக்கோடு இடம்பெறா. ஆனால் அவர் வாழ்க்கையை இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றன.

கால்வாயில் படகு வலித்தவரைக் கண்டோரும், கரிவண்டி காலத்தில் கூடையோடு நடந்தோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் பேச்சைப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. இத்தடத்தில் நாள்தோறும் வந்து செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் இதே வினாவைக் கேட்டு, விடையை அவர் சொல்லிலேயே எழுதிக் கொணர்க. அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.

அன்று மாலை வண்டி வந்தது. மாணவர் தம் ஏட்டில் 1899 என எழுதி, அதன் கீழே 1979 எனவும் எழுதினார். எதனையும் அடிக்கவில்லை.